படர்க்கையில் ஓர் ஊர்: அனைத்துலக அலுவல் ஆய்வும் உடுவிலும்

1

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஆகிய ஊர்களைக் கடந்து மருதனார்மடத்தை அடைவர். அதனை ஒட்டி அமைந்துள்ள ஊர் உடுவில். செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் பனைகளும் சூழ்ந்த இவ்வூருக்கும் உலக அரசியலுக்கும் யாது தொடர்பு என ஒருவர் வினவலாம். தொடர்பு உண்டு, குடும்பத் தொடர்பே உண்டு. 1824 ஆம் ஆண்டில் இங்கே பெண்களுக்கென விடுதிப் பாடசாலையொன்றை நிறுவியவர் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ. அதுவே பின்னர் உடுவில் மகளிர் கல்லூரியாக வளர்ந்தது. வின்சிலோ தம்பதியர் உடுவிலில் வாழ்ந்த காலத்தில், 1829 இல், பிறந்த மகளுக்கும் ஹரியற் என்றே பெயர். அம்மகள் ஜோன் வெல்ஷ் டலஸ் எனும் போதகரை மணந்தார். 1953 முதல் 1959 வரை அமெரிக்க இராஜாங்கச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலசும், 1953 முதல் 1961 வரை அந்நாட்டின் மத்திய உளவு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய அலன் டலசும் அவர்களுடைய பேரர்களாவர்.

மிசன் வரலாறு பேசுவோர் இவ்வுறவைப் பெருமையுடன் சுட்டுவதுண்டு. பெருமை கொள்வதோடு அமைந்துவிடாது, அதன் பொருளை ஆராய்வதே திறனாய்வின் கடமையாகும். டலஸ் சகோதரர் இருவரும் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள். அவர்களுடைய ஆவணங்களும் அப்பல்கலைக்கழகத்திலேயே பேணப்படுகின்றன. அனைத்துலக அலுவல்களைப் பல்கலைக்கழகக் கல்வித்துறையாக வளர்த்த நிறுவனங்களுள் பிறின்ஸ்ரனின் பொது, அனைத்துலக அலுவல்கள் கல்லூரி முன்னணியில் வைத்து எண்ணப்படுவது. பாட்டி பிறந்த ஊரைப் பற்றிப் பேரர் காலத்துக் கல்வித்துறை எதனை அறிந்திருந்தது? அறிந்ததை எந்த இடத்தில் நின்று அறிந்தது? இவ்விரு வினாக்களும் உடுவிலைக் கடந்து, சிறிய சமூகங்கள் பற்றிய அனைத்துலக ஆய்வு முழுவதையும் தழுவுவன.

தமிழிலக்கணம் இடத்தைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்றாக வகுக்கும். பேசுவோர் தன்மை, கேட்போர் முன்னிலை, பேசப்படுவோர் படர்க்கை. ஆய்வெழுத்தையும் இவ்வகுப்பின் துணைகொண்டு நோக்கலாம். யார் எழுதுகின்றனர் என்பதை நூலின் அட்டையே கூறிவிடும். எவரைப் பற்றி எழுதுகின்றனர் என்பதைப் பொருளடக்கம் கூறும். எவரை முன்னிலைப்படுத்தி எழுதுகின்றனர் என்பதே பெரும்பாலும் மறைந்து நிற்பது. அதனை வெளிக்கொணர்ந்தாலன்றி அனைத்துலக அலுவல் ஆய்வின் இயல்பு முழுமையாக விளங்காது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டு மிசனறிமாரின் அறிவுமுறையை முதலில் நோக்குதல் பொருந்தும். 1816 இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கியபோது பிரித்தானியாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையிலான போர் முடிந்து நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை. மிசனின் அச்சுத் தொழிலாளராக 1820 இல் வந்த ஜேம்ஸ் கறெற் என்பவரைத் தேசாதிபதி பாண்ஸ் தங்கியிருக்க அனுமதித்திலர். உடுவில் நிலையம் அமைந்ததும் அதே ஆண்டிலேயே. ஆகவே வல்லரசுகளின் ஐயுறவும் போட்டியும் இவ்வூரின் நவீன வரலாற்றில் முதல் நாளிலிருந்தே உடனிருந்தன எனலாம்.

மிசனறிமார் பொஸ்ரனுக்கு எழுதிய கடிதங்களிலும் அறிக்கைகளிலும் யாழ்ப்பாண மக்கள் மீட்கப்பட வேண்டிய அஞ்ஞானிகளாகவே பெரிதும் காட்சியளித்தனர். அவ்வெழுத்தின் முன்னிலை நன்கொடை வழங்கிய அமெரிக்கத் திருச்சபையார், உடுவிலார் படர்க்கையினர். விடுதியிற் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களைச் சூட்டும் வழக்கமும் இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்று 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான விசுவநாதபிள்ளையின் பெயருக்கு முன் 'கறோல்' என்பது நிற்பது அவ்வழக்கையே நினைவூட்டுகின்றது. தன் பெயரைக்கூடத் தொலைவிலுள்ள ஒருவரின் ஈகைக்கு ஈடாகக் கொடுக்க நேர்ந்த நிலையைப் படர்க்கையின் எல்லை எனலாம்.

எனினும் நாள்தோறும் நிகழ்ந்த பணி வேறொரு நிலையைத் தோற்றுவித்தது. கற்பிக்கவும் தர்க்கிக்கவும் மருந்து கொடுக்கவும் எதிரே நிற்பவரின் மொழி வேண்டும். அங்கே உடுவிலார் முன்னிலையாகியே தீர வேண்டியிருந்தது. இத்தேவையின் பயனாகவே 1842 இல் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. 1862 இல் மைறன் வின்சிலோவின் தமிழ் ஆங்கிலப் பேரகராதி 67,000 சொற்களுடன் சென்னையில் அச்சேறியது. ஹரியற் அம்மையார் 1833 இல் உடுவிலிலேயே காலமானார். அவருடைய கணவர் அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்தே அகராதியை நிறைவு செய்தார். 1841 முதல் வெளிவந்த உதயதாரகை உலகச் செய்தியையும் அறிவியலையும் யாழ்ப்பாணத்தவருக்குத் தமிழிலேயே எடுத்துரைத்தது. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களையும் வகுத்துத் தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார்.

இவற்றைக் கூறுவதால் மிசனின் காலத்தைப் பொற்காலமெனக் கொள்ளலாகாது. 1855 இல் வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டமை இதற்குத் தக்க சான்று. பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழுவின் தலைவர் றூபஸ் அன்டசன் சுதேச மொழிக் கல்வியையும் கிராமத் திருச்சபையையுமே விரும்பினார். யாழ்ப்பாணத்தார் விரும்பியதோ உத்தியோகத்துக்கு வாயிலாயிருந்த ஆங்கிலக் கல்வி. தமிழை வற்புறுத்தியவர் அந்நியர். ஆங்கிலத்தைக் கேட்டு நின்றவர் தமிழர். 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றும் வரையில் அவ்விடம் வெறுமையாயிருந்தது. மொழியை அறிவது மக்களை அறிவதற்கு இன்றியமையாதது. ஆயினும் முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் செல்லாத வரையில் அவ்வறிவும் ஆளுகையின் கருவியாகவே எஞ்சும்.

3

பிறின்ஸ்ரன் கல்லூரி 1930 இல் தொடங்கப்பட்டது. 1948 இல் அதற்கு, முன்னர் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராயும் பின்னர் நாட்டின் சனாதிபதியாயும் விளங்கிய வூட்றோ வில்சனின் பெயர் சூட்டப்பட்டது. 1951 இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வாளர் குழுவொன்றினால் அனைத்துலக ஆய்வு நிலையமும் பிறின்ஸ்ரனில் அமைந்தது. உலக அரசியல் பற்றிய அதன் ஆய்விதழ் துறையின் முதன்மையான ஏடுகளுள் ஒன்றாயிற்று. இந்நிறுவனங்களின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் முறையாகாது. போர்களையும் உடன்படிக்கைகளையும் தனிமனிதரின் விருப்பு வெறுப்புகளால் மட்டும் விளக்கிவந்த மரபைக் கைவிட்டு, அரசியல், பொருளியல், வரலாறு, சட்டம் ஆகியவற்றை ஒருங்கிணைத்து நோக்கும் பயிற்சியை அவை வளர்த்தன.

அக்கல்லூரியின் கற்பித்தல் முறை சிறப்பாக ஆராயத்தக்கது. மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து நடப்புப் பிரச்சினையொன்றை எடுத்து ஆராய்வர். ஒவ்வொருவரும் ஒரு கூற்றைப் பொறுப்பேற்பர். இறுதியில் இன்னது செய்யத்தக்கது எனும் பரிந்துரையுடன் கூட்டறிக்கை சமர்ப்பிப்பர். செயலோடு இணைந்த சிறந்த முறை இது. ஆயினும் அவ்வறிக்கையின் முன்னிலை யார்? முடிவெடுக்கும் அதிகாரி. பிரச்சினைக்குள் வாழ்பவர் அறிக்கையின் பொருளாகலாம். அதைப் படித்து மறுப்புரைக்கும் வாசகராக அவர் கருதப்படுவதில்லை. இத்தகைய அறிக்கைகளை எழுதியெழுதிப் பழகும் இளைஞனுக்கு அதிகாரியின் மேசையிலிருந்து உலகைக் காண்பது நாளடைவில் இயல்பான பார்வையாகிவிடுகின்றது.

நிறுவனத்தின் பொருளடிப்படையும் இதனையே வலியுறுத்தியது. 1961 இல் றொபேட்சன் தம்பதியர் அக்கல்லூரிக்கு 35 மில்லியன் டொலர் பெறுமதியான நன்கொடையை அளித்தனர். பட்டதாரிகளை அரசாங்க சேவைக்கு, குறிப்பாக வெளிநாட்டு அலுவல் துறைக்கு, ஆயத்தஞ் செய்தல் அதன் நோக்கம். அரசாங்கத்திற் சேர்ந்தோர் தொகை போதாதென அக்குடும்பத்தார் 2002 இல் வழக்குத் தொடர்ந்தனர்; 2008 இல் வழக்கு இணக்கமாக முடிவுற்றது. ஒரு கல்லூரி நன்கு இயங்கியதா என்பதற்கு அளவுகோல் எத்தனை பேர் அரசில் அமர்ந்தனர் என்பதாயின், அங்கே பிறக்கும் அறிவு எத்திசை நோக்கிப் பேசும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

4

டலசின் காலத்துக்கு வருவோம். 1952 இறுதியில் இலங்கை சீனாவுடன் இறப்பர் அரிசி ஒப்பந்தஞ் செய்துகொண்டமையால் அமெரிக்க உதவி மறுக்கப்பட்டிருந்தது. வறிய நாடு தன் இறப்பரை விற்று அரிசி பெறுவதும் கெடுபிடிப் போரின் கணக்கேட்டில் ஒரு பக்கச் சார்பாகப் பதியப்பட்ட காலம் அது. 1956 மார்ச்சில் டலஸ் கொழும்புக்கு வந்து சென்றார். அடுத்த மாதத் தேர்தலில் பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்தார். யூன் 5 ஆம் திகதி சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டது; காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் தாக்கப்பட்டனர். நான்கு நாள்களின் பின், யூன் 9 ஆம் திகதி, அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில் உரையாற்றிய டலஸ், மிக அரிதான சூழ்நிலைகளிலன்றி நடுநிலைமை ஒழுக்கக்கேடானது எனும் தம் பிரசித்தமான கருத்தை வெளியிட்டார்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். வாஷிங்டன் நடத்திய அனைத்துலக விவாதத்தில் இலங்கை எப்பக்கம் சாரும் என்பது மட்டுமே வினாவாயிருந்தது. பாட்டி பிறந்த ஊரின் மொழிக்கு அவ்வாரத்தில் நேர்ந்தது என்ன என்பது அவ்வினாவுக்குள் அடங்கவில்லை. இது டலஸ் என்னும் தனிமனிதரின் மறதி எனக் கொள்வதாற் பயனில்லை. 1861 இல் மறைந்த பாட்டியை, 1888 இற் பிறந்த அவர் கண்டதுமில்லை. அரசுகளை மட்டுமே அலகாகக் கொண்ட சிந்தனைமுறை எவரையும் இவ்வாறே மறக்கச் செய்யும்.

இலங்கை பற்றிய அமெரிக்க ஆய்வு அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. 1960 இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக அச்சகம் ஹவார்ட் றிகின்ஸ் எழுதிய பெருநூலொன்றை வெளியிட்டது. இலங்கையை ஒரு புதிய தேசமாகவும், அதன் பிரச்சினைகளை அத்தேசத்தின் இக்கட்டுகளாகவும் அதன் தலைப்பே அறிமுகஞ் செய்தது. சமூக அமைப்பு, சமயம், மொழி, கட்சிகள், பொருளாதாரம், வெளிநாட்டுக் கொள்கை ஆகியவற்றை ஒருசேர ஆராய்ந்த அந்நூல் பின்வந்த ஆய்வாளர் பலருக்கும் வழிகாட்டியாயிற்று. மொழிப் பிரச்சினையை அது புறக்கணிக்கவில்லை. எனினும் அதன் அடிப்படை வினா, இப்பிளவுகளுக்கிடையே புதிய தேசம் எவ்வாறு ஆளப்படும் என்பதே. தேசம் என்பது விடைகாண வேண்டிய வினாவாக அங்கே நிற்கவில்லை. தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்ட விடையாக நின்றது. இந்நூலின் ஆசிரியர் 1977 முதல் 1979 வரை இலங்கையில் அமெரிக்கத் தூதுவராய்ப் பணியாற்றியமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆய்வாளரும் அறிக்கை பெறும் அதிகாரியும் ஒருவரேயாயினர்.

மொழி அறியாமை எத்தகைய மயக்கத்தைத் தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1949 இல் செல்வநாயகம் தலைமையில் உருவான கட்சி ஆங்கிலத்திற் 'சமஷ்டிக் கட்சி' எனப் பொருள்படும் பெயரால் வழங்கியது; தமிழில் 'இலங்கைத் தமிழரசுக் கட்சி' என வழங்கியது. முதற் பெயரின் முன்னிலை கொழும்பும் உலகமும். இரண்டாம் பெயரின் முன்னிலை கிராமத்துத் தமிழ் வாக்காளர். ஆங்கிலப் பெயரை மட்டும் அறிந்தவருக்கு ஓர் அரசியலமைப்புக் கோரிக்கை மட்டுமே தெரியும். தமிழ்ப் பெயரைக் கேட்டவருக்கு அதனினும் ஆழமான ஓர் உணர்ச்சி கேட்கும். இவ்விரு பெயர்களுக்கும் இடையேயுள்ள வெளியிலேதான் பின்வந்த கால் நூற்றாண்டின் அரசியல் நடந்தது. அகராதி தொகுத்த வின்சிலோவுக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்பட்டிருக்கும்.

5

இக்குறை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. தென்னிந்தியப் பொருளாதார வரலாற்றை ஆராய்ந்து புகழ்பெற்ற ஏ. அப்பாத்துரையை முதல் இயக்குநராகக் கொண்டு 1955 இல் டில்லியில் இந்திய அனைத்துலக ஆய்வுக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1970 இல் அது ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. தென்னாசியாவைத் தென்னாசியரே ஆராய வேண்டும் என்னும் உணர்வை வளர்த்ததில் அதன் பங்கு பெரிது. இலங்கையின் சமயமும் அரசியலும் பற்றி ஊர்மிளா பட்னிஸ் 1976 இல் வெளியிட்ட நூலும், கொழும்பிலிருந்து ஷெல்ரன் கொடிகார 1965 இல் வெளியிட்ட இந்திய இலங்கை உறவு பற்றிய நூலும் இன்றும் பயன்படுவன.

ஆயினும் அத்துறை ஆராய்ந்த ஆவணங்களின் இயல்பு அதன் நோக்கையும் கட்டுப்படுத்தியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இவ்வொப்பந்தத்தின் நிறைவேற்றம், தாமதம், இராஜதந்திரப் பயன் ஆகியன நுணுக்கமாக ஆராயப்பட்டன. எந்நாட்டிற் பிறந்து எந்நாட்டில் உழைத்து எந்நாட்டுக்கு அனுப்பப்படுகின்றோம் என ஒரு தோட்டத் தொழிலாளி வினவியிருப்பின், அவ்வினாவுக்கு அவ்வாய்வுச் சட்டகத்தில் இடம் அரிதாகவே இருந்திருக்கும்.

1987 யூலை 29 ஆம் திகதி இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானபோதும் கையொப்பமிட்டவை இரு அரசுகளே. எவருடைய பிரச்சினைக்குத் தீர்வாக அது கூறப்பட்டதோ அவர்கள் ஒப்பந்தத்தின் தரப்பினராயிலர். அவ்வாண்டு ஒக்டோபரில் அமைதி காக்க வந்த படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டபோது, அனைத்துலக அலுவல் என்பது வலிகாமத்து மக்களுக்குப் பாடநூற் பொருளாயிருக்கவில்லை. வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரு நாள்களிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது, உடுவிலும் நடந்தது. அறிக்கைகளில் இது இடம்பெயர்ந்தோர் தொகையாயிற்று.

6

இனி, எதிர்ப்பக்கத்தையும் நோக்க வேண்டும். இவ்வூரார் என்றும் படர்க்கையிலேயே இருந்துவிடவில்லை. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாகி, ஹண்டி பேரின்பநாயகம் போன்றோரின் வழிகாட்டலில் உலகை நோக்கித் தன்மையிற் பேசியது. அதன் அழைப்பை ஏற்று 1927 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் உடுவில் மாணவியரிடையேயும் உரையாற்றினார். பூரண சுயராச்சியத்தை வேண்டி 1931 இல் அவ்வியக்கம் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அப்பகிஷ்கரிப்பின் அரசியல் விளைவு விவாதத்துக்குரியது. ஆயினும் உலக நிகழ்ச்சிகளைத் தம் இடத்திலிருந்து எடைபோட்டுத் தாமே முடிவெடுத்த இளைஞர் தலைமுறை ஒன்று இங்கே இருந்தது என்பதை மறுக்கவியலாது.

வில்சன் முன்வைத்த சுயநிர்ணயக் கருத்து, அவர் எண்ணியிராத மக்களாலும் எடுத்தாளப்பட்டது. 1976 மே மாதத்து வட்டுக்கோட்டைத் தீர்மானம் அதன் சான்று. இருப்பினும் 'நாம்' என்னும் சொல்லும் சோதனைக்கு அப்பாற்பட்டதன்று. அந்த 'நாம்' தன்னுள்ளே சாதியால் ஒடுக்கப்பட்டோரையும் முஸ்லிம்களையும் மலையகத்தாரையும் எந்த இடத்தில் வைத்தது எனும் வினா நெடுநாள் விடையின்றியே கிடந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை அவ்வினாவின் மிகக் கொடிய வடிவம். பிறரால் படர்க்கையாக்கப்பட்டோர் பிறரைப் படர்க்கையாக்கமாட்டார் என்பதற்கு வரலாற்றில் உறுதி எதுவுமில்லை.

பிறின்ஸ்ரனிலும் இதனையொத்த பாடம் நிகழ்ந்தது. வில்சன் அரசாங்க சேவையில் இனப்பிரிவினையை அனுமதித்தவர் என்பது முன்னரே தெரிந்த செய்தி. எனினும் கறுப்பின மாணவர் 2015 இல் தலைவரின் அலுவலகத்தில் அமர்ந்து தன்மையிற் பேசிய பின்னரே அது பெருவிவாதமாயிற்று. 2020 இல் அவருடைய பெயர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டது. பேசப்பட்டோர் பேசத் தொடங்கும்போதே நிறுவனம் தன்னைத் திருத்திக்கொள்கின்றது.

தமிழ்ப் பல்கலைக்கழக உலகம் இதிலிருந்து பெறவேண்டியது யாது? இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைத்துறையில் 1960 முதல் தாய்மொழி வழிக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தமிழில் அரசியல் கற்ற மாணவர் தலைமுறைகள் பல தோன்றிவிட்டன. தமிழில் உலக அரசியலைக் கற்பது வேறு. தமிழர் வாழும் இடத்திலிருந்து உலக அரசியலை ஆராய்வது வேறு. ஆங்கில நூல்களைச் சுருக்கித் தரும் குறிப்புகள் முன்னதற்கு உதவலாம். அவற்றோடு நூலின் பார்வையும் மொழிபெயர்ந்து வந்துவிடுகின்றது. உடுவில் மாணவியும் உடுவிலைப் படர்க்கையிலேயே கற்றுத் தேறுகின்றாள்.

இந்நிலையை மாற்றுதற்கு வேண்டிய மூலங்கள் ஊரிலேயே தொடங்குகின்றன. மிசன் அறிக்கைகள், பாடசாலைப் பதிவுகள், உதயதாரகையின் பழைய இதழ்கள், ஒப்பந்தங்களாலும் போர்களாலும் இடம்பெயர்ந்தோரின் நினைவுகள் ஆகியவற்றை ஒருசேர வைத்து, பொஸ்ரனையும் வாஷிங்டனையும் டில்லியையும் ஆராய்பொருளாக்கும் நூல்கள் எழுதப்படல் வேண்டும். மருத்துவத்துக்குக் கிறீன் செய்ததைப் போல இறைமை, சமஷ்டி, சுயநிர்ணயம் முதலிய சொற்களின் தமிழ்ப் பொருள் வரலாற்றை அரசியல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடி வகுத்தல் வேண்டும். அத்தகைய நூல்களின் முதல் வாசகர் அதிகாரி ஒருவராக இருத்தலாகாது. மருதனார்மடச் சந்தியில் பேருந்துக்குக் காத்துநிற்கும் ஒருவர் அவற்றைப் படித்து, இவ்விடத்திற் பிழையிருக்கின்றது எனச் சொல்லக்கூடியவராக இருத்தல் வேண்டும். பிறின்ஸ்ரன் முதலிய கல்லூரிகளின் ஆய்வைக் குறைகூறும் உரிமையும் அப்பொழுதே இங்குள்ளோருக்கு முழுமையாக உரியதாகும்.